செல்போனில் ஒரு பேச்சுப் பள்ளிக்கூடம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது, ஊரடங்கு அறிவிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால். சின்னமனூரில் அவர் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். அன்று காலை ஏலம் முடிந்து, லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். வார்த்தை வரவில்லை. கையிலிருந்த டீ கிளாஸ் நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. மண்டியில் இருந்தவர்கள் தாமதிக்காமல் காரில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். நான் மார்க்கையன்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பின்னம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பிலிருந்து என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். விரலில் சாக்பீஸ் தூளோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய வலது கையிலும் காலிலும் கொஞ்சம் பலவீனம் இருந்தது. ஆனாலும் நடந்தார், இடது கையால் தானே சாப்பிட்டார். பேச்சுதான் போய்விட்டது. "அதான்" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், ஃபேனை நிறுத்தச் சொல்வதென்றாலும் அதான். கோபம் வந்தால் அதே சொல் கொஞ்சம் உரக்க வரும். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. அவர் சொல்ல வேண்டியதும் உள்ளே தயாராக இருந்தது என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும். வாய்க்கு வரும்போதுதான் எல்லாம் அந்த ஒரே சொல்லாக மாறிவிடும். சொன்ன மறுகணமே, தான் சொல்ல நினைத்தது இது இல்லை என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கும்.

அவர் வாயால் வாழ்ந்த மனிதர். ஏலம் கூற ஆரம்பித்தால் மைக் தேவைப்படாது. செவ்வாழைக்கு ஒரு குரல், நேந்திரத்துக்கு ஒரு குரல் என்று மண்டியில் வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்கு யார் வந்தார்கள், எந்த லாரி எங்கே பஞ்சரானது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் கை கழுவுவார். கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் எப்போது வாயை மூடுவார் என்று நான் நினைத்ததுண்டு. இப்போது வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

"பேச்சு திரும்பி வரும். ஆனா தானா வராது, பயிற்சி குடுக்கணும். மதுரையில அதுக்குன்னு ஆளுக இருக்காங்க, தள்ளிப்போடாம ஆரம்பிச்சிருங்க" என்று தேனி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் கிளம்ப நாள் பார்ப்பதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. பஸ் இல்லை. ஜில்லா தாண்டப் பாஸ் வேண்டும். பாஸ் கிடைத்தாலும் மதுரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் பயம்.

எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். அங்கேயே ஹாஸ்டல் அறையில் மாட்டிக்கொண்டாள். அவள்தான் எங்கெங்கோ விசாரித்து, மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் செல்போனிலேயே பயிற்சி கொடுப்பதாகக் கண்டுபிடித்தாள்.

எனக்கு நம்பிக்கையே இல்லை. காரணம் இருந்தது. அந்த நாட்களில் நானே செல்போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பிள்ளைகளிடம் போன் கிடையாது. போன் இருக்கிற பிள்ளைகளின் அப்பா அதைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்விடுவார். வருகிற சிலரும் முகத்தைக் காட்டாமல், குரலையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் சுவரைப் பார்த்துக் கணக்குச் சொல்வேன். ஒரு நாள் "புரிஞ்சதா?" என்று கேட்டபோது பதிலுக்கு ஆடு கத்தியது.

"செல்போன்ல படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா ஆத்தா? நல்லாருக்கிற பிள்ளைகளுக்கே ஒண்ணும் ஏற மாட்டேங்குது. பேச்சே இல்லாத மனுஷனுக்கு என்னத்த ஏறும்?" என்றேன் மகளிடம்.

"ஒருக்கா பாரும்மா. சரிப்படலைன்னா விட்ருவோம். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இது தேவலைல்ல" என்றாள் அவள்.

மாடி அறையில் ஜன்னல் ஓரம்தான் எங்கள் வீட்டில் சிக்னல் தடங்கலில்லாமல் கிடைக்கும். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, அரிசி டப்பாவில் சாய்த்துப் போனை நிறுத்தினேன். அவரைக் குளிக்கவைத்து, மண்டிக்குப் போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். திரையில் ஒரு இளம்பெண் வந்தாள். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். அவளும் வீட்டிலிருந்துதான் பேசினாள். பின்னால் ஒரு ஃபிரிட்ஜும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையும் தெரிந்தன.

"வணக்கம் சார். சாப்பிட்டாச்சா?"

"அதான்" என்றார்.

நான் அவசரமாக, "சாப்பிட்டாக டாக்டர்" என்றேன்.

"நான் டாக்டர் இல்லீங்க டீச்சர், பேச்சுப் பயிற்சி குடுக்கிறவ. அப்புறம், சாரைக் கேட்டா நீங்க பதில் சொல்லக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் காத்திருப்பேன்" என்றாள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்கு விடை சொல்லிக்கொடுத்து மாட்டியது போல இருந்தது எனக்கு.

அவர் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சின்னக் கட்டத்தில் அவர் முகம் தெரிந்தது. ஒரு பக்கம் இறங்கியிருந்த வாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் கண்ணாடி பக்கம் போவதேயில்லை, சவரம்கூட நான்தான் செய்துவிடுவேன். இப்போது பார்த்துவிட்டார். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் போனை எடுத்து, "மன்னிச்சுக்கம்மா, அவுகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்றேன்.

அவள் விடவில்லை. "சார் எதைப் பாத்துட்டு எந்திரிச்சாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "அந்தக் கட்டத்து மேல ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டிருங்க. நாளைக்கு இதே நேரம் கூப்பிடுறேன்" என்றாள். அப்போது அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "ஒரு நிமிஷம் டீச்சர்" என்று ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்தக் குக்கர் சத்தத்தால்தானோ என்னவோ, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் பேப்பர் ஒட்டிய போனின் முன்னால் அவர் உட்கார்ந்தார். அவள் படங்களைக் காட்டினாள். கப்பல், குடை, யானை, ரயில். ஒவ்வொன்றுக்கும் அவர் அதான் என்றார். மறுபடியும் கப்பலைக் காட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல நடத்துகிறார்கள் என்ற கோபம். அவளும் அதைக் கண்டுகொண்டாள். படங்களைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், உங்க வீட்டை ஒருக்கா சுத்திக் காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

முன்பின் தெரியாத பெண்ணுக்கு வீட்டைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. கொடியில் துணி கிடந்தது, பாத்திரம் கழுவவில்லை. ஆனாலும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் நடந்தேன். அடுப்படி, கொல்லைப்புறம், துணி துவைக்கிற கல். பின்கட்டு அறையில் வாழைத்தார்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. ஊரடங்கில் லாரி ஓடாமல் தேங்கியவை, மண்டியிலிருந்து கொண்டுவந்து கட்டியிருந்தோம்.

"இது என்ன பழம்?" என்று அவள் கேட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. முதல் நாள் அவள் சொன்னது நினைவில் இருந்தது. பின்னாலேயே மெதுவாக வந்து நின்றிருந்த அவர் போனைப் பார்த்தார், தாரைப் பார்த்தார். உதடு அசைந்தது. "செ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "செவ்". அவ்வளவுதான் வந்தது. ஆனால் அது அதான் இல்லை.

"கிளினிக்கா இருந்தா இன்னும் எவ்வளவோ நாள் கப்பலையே காட்டிக்கிட்டு இருந்திருப்பேன் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "வீட்டுக்குள்ள வந்தது நல்லதாப் போச்சு. நாளையில இருந்து இங்க இருக்கிறதை வச்சே படிப்போம்."

அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. சொம்பு, சீப்பு, வேட்டி, வெங்காயம், சாவி என்று வீட்டுச் சாமான்கள்தான் பாடப்புத்தகம். ஒரு பொருளைக் காட்டி முதல் எழுத்தை மட்டும் அவள் சொல்வாள். அவள் உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று அவர் உற்றுப் பார்ப்பார். போனுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்து அவள் அதைக் காட்டுவாள். அவர் கையைப் பிடித்துத் தாளம் போடுவது, கன்னத்தை அழுத்திவிடுவது போன்றவற்றுக்கெல்லாம் நான்தான் அவளுடைய கை. பெயர்களைவிட எண்கள் சீக்கிரம் வந்தன. தார் எண்ணுவது போல நான் ஒண்ணு என்று ராகம் போட்டு இழுத்தால், ரெண்டு, மூணு என்று அவர் பிடித்துக்கொள்வார். தனியாக மூணு சொல்லுங்கள் என்றால் வராது. ராகத்தோடு வந்துவிடும். பழகிய பாதையில் மாடு தானாக நடப்பது போலத்தான் இது, கொஞ்ச நாளில் தனித்தனியாகவும் வரும் என்று அவள் சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் இடது கையைத் தட்டுக்கு மேலே நீட்டி, "மதி" என்றார். மிகத் தெளிவாக, குழறல் இல்லாமல். நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். முழுசாக ஒரு சொல் வந்துவிட்டது என்ற சந்தோஷம் முதலில். அடுத்த நொடி, யார் இந்த மதி என்ற யோசனை. எங்கள் சொந்தத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. மண்டியிலும் இல்லை. சாயங்காலம் டீ ஊற்றும்போது மறுபடியும் மதி என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன், உயிர்போய் உயிர்வந்த பிறகு முதலில் சொல்கிற பேர் என் பேர் இல்லை.

மகளைப் போனில் கூப்பிட்டேன். "உங்கப்பாவுக்கு மதின்னு யாரையும் தெரியுமா?"

"யாரும்மா அது?"

"அதான் நானும் கேக்குறேன். காலேஜ்ல கூடப் படிச்சவளா இருக்குமோ என்னமோ. சோத்தைப் போட்டா அவ பேரைச் சொல்றாக."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பயிற்சியில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றிவளைத்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை.

"எப்பச் சொன்னாரு டீச்சர்?"

"சோறு போடுறப்ப. டீ ஊத்துறப்பவும் சொன்னாக."

"கையை எப்படி வச்சிருந்தாரு?"

தட்டுக்கு மேலே நீட்டிய கையைச் செய்து காட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாருக்கு மலையாளம் தெரியுமா?"

"யாவாரத்துக்குப் பேசுவாக. குமுளி, கட்டப்பனைன்னு பாதி நாள் அங்கனதான கெடப்பாக."

"டீச்சர், மலையாளத்துல மதின்னா போதும்னு அர்த்தம். நான் கேரளாவுல படிச்சவ. மெஸ்ல தெனமும் அதைச் சொல்லித்தான் தட்டை இழுப்போம்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. ஒரு பக்க உதடுதான் ஏறியது. ஆனால் கண் இரண்டும் சிரித்தன, தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வருசநாட்டுப் பக்கம் பிறந்தவள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, அவரும் வீட்டில் பேசியதில்லை. சிலருக்கு இரண்டு பாஷை இருந்தால் எது முதலில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது, அது நல்ல அடையாளம்தான் என்று அந்தப் பெண் விளக்கினாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. "யாவாரத்துல சாரோட ரொம்பப் பழகினவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தார். கம்பத்தில் ஒரு பாய், பழ வியாபாரி. சின்ன வயதிலிருந்தே இருவரும் சேர்ந்து லாரியில் சுற்றியவர்கள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து தினமும் போன் செய்வார். இவர் போனைக் கையால் தள்ளிவிடுவார். நான்தான் நாலு வார்த்தை பேசி வைப்பேன். இந்தப் பேச்சோடு நண்பன் முன்னால் நிற்க இவருக்கு மனசு வரவில்லை.

இவர் கூச்சப்பட்டாலும் பரவாயில்லை, கூப்பிட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். குறித்த நாளில் திரை மூன்று கட்டமாகப் பிரிந்தது. ஒன்றில் நாங்கள், ஒன்றில் மதுரைப் பெண், இன்னொன்றில் பாய். அவருக்குப் போனைப் பிடிக்கத் தெரியாமல் முதலில் மோவாய் மட்டும் தெரிந்தது.

"என்ன மாப்ள, எப்படி இருக்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதான்" என்றார், கேட்டும் கேட்காத குரலில். பாய்க்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஊரில் மழை பெய்ததைச் சொன்னார், லாரி ஓடாததைச் சொன்னார். இவர் நிமிரவில்லை. நான் போனை அணைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாய் செருமினார். "அது சரி மாப்ள. சின்னமனூர்ச் செவ்வாழையில இப்ப ருசியே இல்லைன்னு குமுளியில பேசிக்கிறாகளே."

இவர் நிமிர்ந்தார். "எவன் சொன்னான்?"

ஒரு எழுத்து விழாமல் வந்தது. மண்டியில் கேட்ட அதே குரல். இவருக்கே ஆச்சரியம், தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். பாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான்டா சொன்னேன்" என்றார் கடைசியில்.

அன்றைக்குப் பிறகு பாயும் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார். வாரம் தவறாமல் வந்து இவரை எதையாவது சொல்லிச் சீண்டுவார். கோபத்தில் வருகிற வாக்கியங்கள் முதலில் வந்தன, சாதாரண வாக்கியங்கள் பின்னால் வந்தன. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட நாட்கள் அவை. எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் இழவு விழுந்து, போய் நிற்கக்கூட முடியாமல் வாசலோடு நின்றுவிட்டோம். அப்படிப்பட்ட நாட்களிலும் அந்த மாடி அறைக்குள் போய் உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று நல்லதாக நடந்துகொண்டிருந்தது.

எனக்கும் ஒன்று புரிந்தது. போனில் பாடம் ஏறவில்லை என்று நான் குறைப்பட்டது போனின் குற்றம் மட்டும் இல்லை. அந்தப் பெண் ஒரே ஒருவரைப் பார்த்தாள், அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். நானும் என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். சேர்ந்தாற்போல எல்லோருக்கும் கத்துவதை விட்டுவிட்டு, அப்பாக்கள் தோட்டத்திலிருந்து திரும்பும் நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினேன். எல்லோரும் கணக்குப் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்ட போனில் பிள்ளைகளின் குரலும் கேட்டது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் மதுரைக்கு நேரில் போகலாம் என்றேன். என்ன இருந்தாலும் நேரில் பார்ப்பதுதான் வைத்தியம் என்ற எண்ணம் என் மனசை விட்டுப் போகவில்லை. அவருக்கு விருப்பமில்லை. "அங்கன... எதுக்கு?" என்றார். நான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு முகம் மாறிவிட்டது.

கிளினிக் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க். பேர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் இவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். இவர் வாய் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்தார். நான்தான் சின்னமனூர் என்றேன். உள்ளே போனதும் அந்தப் பெண் எழுந்து வந்தாள். நாங்கள் நினைத்ததைவிட மிகவும் குள்ளம். அவளும் மாஸ்க் போட்டிருந்தாள். இவர் அவளுடைய வாயைத் தேடினார். இத்தனை மாதம் எந்த உதட்டைப் பார்த்துப் படித்தாரோ அது துணிக்குப் பின்னால் இருந்தது. கேட்டதற்கெல்லாம் அதான் என்றுதான் வந்தது. எனக்கு அழுகை முட்டியது. வந்ததே தப்போ என்று நினைத்தேன்.

ஆனால் அவள் வேறு ஒன்றைக் கவனித்திருந்தாள். "டீச்சர், சார் உள்ள வரும்போது கதவு நிலையில வலது தோளை இடிச்சுக்கிட்டாரே. வீட்லயும் இடிப்பாரா?"

"கால் இழுக்குதுல்ல, அதனால இடிச்சுக்கிருவாக."

"சாப்பிடும்போது தட்டுல மிச்சம் வைப்பாரா? எந்தப் பக்கம்?"

யோசித்துப் பார்த்தேன். எப்போதும் வலது பக்கச் சோறுதான் மிஞ்சும். பசி இல்லை என்று நினைத்து நானும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவள் தன் இரண்டு விரல்களையும் அவர் முகத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டி ஆட்டிப் பார்த்தாள். பிறகு கண் டாக்டரிடம் எழுதி அனுப்பினாள். அவர் பரிசோதித்துவிட்டு, கண் நன்றாகத்தான் இருக்கிறது, பக்கவாதத்தால் வலது பக்கத்தில் உள்ளதை மூளை வாங்கிக்கொள்வதில்லை, தலையை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கப் பழக்க வேண்டும் என்றார்.

"போன்ல நான் சாரோட முகத்தை மட்டும்தான் பாத்தேன். நடந்து வந்ததைப் பாக்கலை. முன்னமே வரச் சொல்லியிருக்கணும்" என்றாள் அந்தப் பெண். அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் என் கைதான் அந்த வேலையைச் செய்தது. அவர் அந்தக் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பேச்சுக்குப் போன், நடையும் பார்வையும் எப்படி இருக்கிறது என்று பார்க்க எப்போதாவது ஒரு முறை மதுரை. திரும்பும் வழியில் உசிலம்பட்டியில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் சர்க்கரை போடலாமா என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "கொஞ்சம்" என்றார் அவர்.

இப்போது அவர் தினமும் மண்டிக்குப் போகிறார். ஏலம் கூறுவது அவருடைய தங்கை மகன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை வலது பக்கம் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்க்கிறார். பேச்சு மெதுவாகத்தான் வரும். பாதி வாக்கியத்தில் நின்று ஒரு சொல்லைத் தேடுவார். அதை நாம் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பழையபடி கதை சொல்கிறார். ஒரு லாரி பஞ்சரான கதை முடிவதற்குள் என் தட்டு காய்ந்துவிடுகிறது.

எங்கள் மாடி அறைக்கும் வேலை குறையவில்லை. தெருவில் ஒரு பெண், எனக்குப் பழக்கமானவள், ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, ஒங்க மாடியில உக்காந்து ஒரு டாக்டரோட பேசிக்கிரட்டா? மனசுக்குப் பாக்குற டாக்டரு. தேனிக்குப் போனா பஸ் ஸ்டாண்டுலயே எங்க மாமியா ஆளுக பாத்துருவாக." சாவியைக் கொடுத்தேன். அவள் என்ன பேசினாள் என்று கேட்டதில்லை. மாதம் ஒருமுறை வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், முகம் கழுவிவிட்டுப் போவாள். இப்போதெல்லாம் போகும்போது அடுப்படியில் நின்று என்னோடு கொஞ்ச நேரம் சிரித்துப் பேசுகிறாள். போனில் வைத்தியமா என்று ஒரு காலத்தில் கேட்ட நான்தான், எந்த நேரத்தில் சிக்னல் நன்றாக இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சமீபத்தில் மதுரைப் பெண் ஒன்று தொடங்கியிருக்கிறாள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் சனிக்கிழமை காலை ஒரே அழைப்பில் கூடுகிறார்கள். பழனிசெட்டிபட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், பரமக்குடியிலிருந்து ஒரு தபால்கார அம்மா, இன்னும் சிலர். யாருக்கும் அவசரம் இல்லை. ஒருவர் சொல் கிடைக்காமல் நின்றால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். வெளியாள் பார்த்தால் போன் உறைந்துவிட்டது என்று நினைப்பார்.

போன சனிக்கிழமை புதிதாக ஒருவர் சேர்ந்தார். விவசாயி என்றாள் அந்தப் பெண். அவருடைய கட்டம் இருட்டாக இருந்தது, முகம் காட்ட மறுத்துவிட்டார். அவர் மனைவியின் குரல் மட்டும் பின்னாலிருந்து கேட்டது. "பேசுங்க, ஏதாச்சும் சொல்லுங்க. எல்லாரும் காத்திருக்காகள்ல." அந்தக் குரலின் பதற்றம் எனக்குத் தெரிந்த பதற்றம். மளிகைக்கடைக்காரர் வணக்கம் சொன்னார். பதில் வரவில்லை.

என் கணவர் போனுக்கு அருகில் நகர்ந்தார். "அண்ணே" என்றார். சொல்லைத் தேடினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். "பேச... வேணாம். சும்மா... கேளுங்க. நான்... சொல்றேன்."

பிறகு, அன்றைக்குக் காலையில் வந்த நேந்திரத் தாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எந்தத் தோட்டம், யார் வெட்டியது, எவ்வளவு நீளம் என்று நிறுத்தி நிறுத்தி, கையால் அளவு காட்டி. கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டுக் கட்டத்திலிருந்து ஒரு ஆண்குரல், "ம்" என்றது. இவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த தாருக்குப் போனார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு இருந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.